வெயின் என்றால் என்ன?

மருத்துவமனையில் ஒரு தாய் படுத்திருக்கிறார். அவருக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். நர்ஸ் அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டுகிறார். தட்டித் தட்டிப் பார்க்கிறார். "வெயின் கிடைக்கவில்லையே" என்கிறார். பக்கத்தில் நிற்கும் மகளுக்குப் பயம் வந்துவிடுகிறது. அம்மாவின் உடம்பில் ஏதோ இல்லாமல் போய்விட்டதோ?

பயப்பட வேண்டாம். வெயின் என்பது ரத்தக் குழாய். உடம்பில் நீர் குறைந்தால் அது சுருங்கிவிடும். வெளியே தெரியாது. அதைத்தான் நர்ஸ் சொன்னார்.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். மணிக்கட்டில் விரலை வைத்தால் துடிக்கிறதே, அது தமனி. ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் வெயின். பாடப் புத்தகத்தில் சிரை என்று இருக்கும். புறங்கையில் பச்சையாகத் தெரிகிறதே, அது சிரை. உள்ளே ஓடும் ரத்தம் பச்சை அல்ல. சிவப்புதான். தோல் வழியாகப் பார்ப்பதால் அப்படித் தெரிகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் உடம்போடு நிற்பதில்லை. ஓர் அரச இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடு கோடாகத் தெரிகிறதா? அதுவும் வெயின். தும்பியின் இறக்கையில் உள்ள கோடுகளும் வெயின். பளிங்குக் கல்லில் ஓடும் ரேகைக்கும் அதே பெயர்.

தங்கத்திலும் இந்தச் சொல் வருகிறது. கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே உழைத்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே பூமிக்குள் பாறை வெடித்தது. வெடிப்பில் சூடான நீர் புகுந்தது. அதில் தங்கம் கரைந்திருந்தது. நாளாக ஆக வெடிப்பு முழுவதும் வேறொரு கல் உறைந்தது. அதற்குள் தங்கம் துகள் துகளாக நின்றது. பாறைக்குள் ஓடும் அந்தப் பட்டைக்கும் வெயின் என்றே பெயர். தொழிலாளர்கள் அதைத் தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். தங்கம் கட்டி கட்டியாகக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம்தான் கிடைத்தது. 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்தில் மட்டுமா? நம் 'நரம்பு' என்ற சொல்லைப் பாருங்கள். யாழில் கட்டுவதும் நரம்பு. இலையில் இருப்பதும் நரம்பு. கையில் புடைத்திருக்கும் ரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். இந்தியில் 'நஸ்' என்ற சொல்லும் இப்படித்தான். ஆனால் டாக்டருக்கு நரம்பு வேறு. மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோவதுதான் நரம்பு. அதற்குள் ரத்தம் ஓடாது.

பேச்சில் இதனால் தொல்லை இல்லை. நோய் வரும்போதுதான் தொல்லை. பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு ஒரு கால் மட்டும் வீங்குகிறது. தொட்டால் சூடாக இருக்கிறது. கெண்டைக்கால் வலிக்கிறது. "நரம்பு பிடித்துக்கொண்டது" என்கிறார்கள் வீட்டில். எண்ணெய் தடவி உருவிவிடுகிறார்கள். பாசத்தோடு செய்வதுதான். ஆனால் அது வெயினுக்குள் ரத்தம் உறைந்ததால் வந்த வீக்கமாக இருக்கலாம். உருவினால் அந்த ரத்தக்கட்டி நகர்ந்துவிடலாம். நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் ஆனவர்களுக்கும், பல நாள் படுக்கையில் கிடந்தவர்களுக்கும் இது வரலாம். ஒரு கால் மட்டும் இப்படி வீங்கினால் தேய்க்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் போக வேண்டும். "நரம்பு வலி" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கால், எப்போது வீங்கியது, பிரசவம் ஆகி எத்தனை நாள் என்றும் சொல்ல வேண்டும். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். கட்டி இருந்தால் ரத்தம் மேலும் உறையாமல் இருக்க மருந்து தருவார். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நடு இரவானாலும் 108-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.