ஆற்றுக் கலமும் கடற் கலமும்

கலம் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. குயவர் வனையும் மட்பாண்டமும் கலம். நெல்லை அளக்கும் அளவும் கலம். அலைகடலில் மிதந்து செல்லும் மரக்கலமும் கலமே. பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தில் வாழும் எனக்கு முதலிற் சொன்ன கலத்தோடுதான் நாள்தோறும் பழக்கம். எனினும் இன்று இறுதியிற் சொன்ன கலத்தைப் பற்றியே நேயர்களோடு உரையாட விரும்புகிறேன். எங்களூர்க்காரர் கேட்டால் நகைப்பர். கடல் எங்களுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் உளது. ஊரை ஒட்டிச் செல்லும் மணிமுத்தாற்றிலோ ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் இருக்கும். ஆனால் அந்த மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து, பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் விழுகிறது. ஆறும் கடலும் அடுத்தடுத்து நிற்கும் அக்கழிமுகத்தில் வாழும் ஒருவர், “இன்னொரு படகு வாங்க வேண்டும், ஆற்றுக்கா, கடலுக்கா?” என்று கேட்டால் என்ன விடை கூறுவது?

சில ஆண்டுகளுக்கு முன், எங்களூரில் பீங்கான் தொழில்நுட்பம் பயின்ற மாணவர் ஒருவர் தம் தந்தையாரை என்னிடம் அழைத்து வந்தார். வெள்ளாற்றுக் கழிமுகத்தில் இறாலும் மீனும் பிடித்து வாழும் குடும்பம் அது. கையில் ஒரு மரப்படகு இருந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு கடனும் பெற்று இன்னொன்று வாங்க எண்ணியிருந்தனர். “ஐயா, கடலுக்குப் போகிற கண்ணாடி இழைப் படகாக வாங்கலாம் என்கிறான் மூத்தவன். ஆற்றுக்கே இன்னொன்று போதும் என்கிறாள் இவன் தாயார். எங்கள் வாத்தியாரைக் கேட்போம் என்று இவன் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்” என்றார் தந்தையார். கண்ணாடி இழையைப் பற்றிச் சிறிது அறிந்தவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி இல்லை. மணலை உருக்கி நூலாக இழுத்ததே அவ்விழை; எங்களூர்ச் சூளைக்கு அது உறவுமுறை. ஆயினும் அவர்களுடைய கேள்வி என் மனத்தை விடவில்லை. படித்தும், பரங்கிப்பேட்டைக் கரையில் உள்ளோரைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஓர் எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். ஆற்றுப் படகையே சற்றுப் பெரிதாகக் கட்டினால் அது கடற் படகாகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். கடல் நீர் உப்புக் கலந்து கனத்த நீர். ஆதலின் வேறு படகு வேண்டும் என்று கூறுவாரும் உளர். பள்ளியிற் படித்த ஆர்க்கிமிடீசின் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஆட்களும் வலையும் சேர்த்து ஒரு டன் எடையுள்ள படகு, நன்னீரில் 1000 லிட்டர் நீரை விலக்கி மிதக்கும். கடல் நீர் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1025 கிலோகிராம் இருப்பதால், அங்கே 976 லிட்டரை விலக்கினால் போதும். படகின் நீர்மட்டப் பரப்பு 10 சதுர மீட்டர் எனக் கொண்டால், கடலில் அது இரண்டரை மில்லிமீட்டர் மேலெழுந்து நிற்கும். ஒரு நெல்மணியின் கனம்! வேறுபாடு நீரின் கனத்தில் இல்லை. நீரின் நடத்தையில் உளது.

ஆற்றின் இயல்பு யாது? ஆழமின்மையும் ஒழுக்கும். ஆகவே ஆற்றுக் கலத்துக்கு அடி தட்டையாக இருத்தல் வேண்டும். 6 மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் உள்ள தட்டையான அடி, முக்கால் டன் பாரத்தை ஏற்றினாலும் 10 சென்டிமீட்டர் அளவே நீரில் அமிழும். அதே பாரத்தைக் கூரிய அடியுள்ள படகில் ஏற்றினால், அது இன்னும் மிகுந்த ஆழத்தைக் கேட்கும். ஆறு எங்கே போய் ஆழத்தைக் கொணரும்? ஒகேனக்கல்லில் காவிரியின் மேல் ஓடும் பரிசலை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும், பின்னர்த் தார் பூசிய விரிப்பும் போர்த்திச் செய்த கலம் அது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாறையில் உரசினால் நெளிந்து கொடுக்கும். ஒழுக்கோடு கீழே போனபின் அதனைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு கரை வழியே மேலே நடந்து வந்துவிடலாம். ஆற்றுக்கென்றே பிறந்த கலம் என்று இதனைத்தான் சொல்வேன். பெரிய அளவிலும் இக்கொள்கை பயன்பட்டது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை வந்த பக்கிங்காம் கால்வாயில், தட்டையடித் தோணிகள் விறகும் உப்பும் நெல்லும் சுமந்து, கழியால் தள்ளப்பட்டும் கரையிலிருந்து கயிற்றால் இழுக்கப்பட்டும் சென்றன. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் இன்றும் துடுப்பும் கழியுமே நம்பிக்கையான கருவிகள். வேர்களும் சேறும் நிறைந்த இடத்தில் எந்திரத்தின் சுழல்விசிறி என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கடலைப் பார்ப்போம். கடலில் ஆழத்துக்குக் குறைவில்லை. ஆனால் நீர்மட்டம் ஓரிடத்தில் நில்லாது. தட்டையடிப் படகு அலையின் சரிவோடு சரிவாகச் சாயும். இறங்கும்போது நீரை அறையும். பக்கச்சுவர் தாழ்ந்திருந்தால் அலை உள்ளே ஏறும். ஆற்றில் வலை இழுக்க வசதியாயிருந்த அதே தாழ்ந்த சுவர் இங்கே பகையாகிறது. 5 சதுர மீட்டர் தளமுள்ள படகில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 20 சென்டிமீட்டர் நீர் புகுந்தால், புதிதாக ஒரு டன் பாரம் ஏறிவிட்டது என்று பொருள். அப்பாரமும் ஓரிடத்தில் கிடவாமல், படகு சாயும் பக்கமே ஓடிச் சாய்வை மிகுதியாக்கும். ஆகவேதான் கடற்படகுக்கு உயர்ந்த அணியம், அதாவது முன்பகுதி, வேண்டும். அடியில் நீரைப் பிளக்கும் கூர்மை வேண்டும். காற்று பக்கவாட்டில் தள்ளாதபடி தடுக்கும் ஏராக்கட்டையும் பெரும்பாலும் வேண்டும்.

‘பெரும்பாலும்’ என்றேன், ஏனெனில் சோழமண்டலக் கரை இவ்விதிக்கு அடங்குவதில்லை. இங்கே கடல் ஒன்றன்று, இரண்டு. கரையோரம் அலை உடைந்து நுரைக்கும் கடல் ஒன்று. அதற்கப்பால் ஆழமான கடல் மற்றொன்று. முதற் கடலைக் கடந்தால்தான் இரண்டாவது கடல். இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில், மணலிலிருந்தே கலத்தைத் தள்ளி, மணலிலேயே ஏற்றவும் வேண்டும். கூரிய அடியுள்ள படகு அங்கே ஒருக்களித்து வீழும்.

நம் முன்னோர் இதற்கு இரு விடைகள் கண்டனர். ஒன்று கட்டுமரம். இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது. அதனுள்ளே நீர் புகுமோ என்ற அச்சமே இல்லை. ஏனெனில் அதற்கு உள் என்பதே இல்லை. அலை மேலேறி, இடுக்குகள் வழியே வடிந்து போகும். கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். ஆங்கிலம் இச்சொல்லைத் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டு, இன்று இரட்டை உடல் கொண்ட படகுக்குச் சூட்டியிருக்கிறது. அது வேறு கதை. மற்றொன்று மசூலா என்னும் தையற் படகு. ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தது. விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களும் அதற்கில்லை. தரையில் மோதும்போது பலகைகள் நெளிந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் பண்டமும் இப்படகுகளிலேயே கரை சேர்ந்தன. கட்டத் தொடங்கிய துறைமுகத்தை 1881 ஆம் ஆண்டுப் புயல் பெரிதும் சிதைத்தது என்பதை நினைத்தால், கல்லையும் உடைத்த கடலைக் கயிற்றுத் தையல் அத்தனை காலம் சமாளித்ததை எண்ணி வியப்பு மேலிடுகிறது.

எந்திரம் வந்தபின் நிலைமை மாறியது. 1952 இல் கையெழுத்தான இந்திய நார்வேத் திட்டம், கேரளத்தில் நீண்டகரைப் பகுதியில் விசைப்படகு மீன்பிடிப்பைப் பரப்பியது. 1979 இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் ஏறி இறங்கத்தக்க எந்திரப் படகுகளை வடிவமைக்க உழைத்தது. நீண்ட தண்டின் முனையில் சுழல்விசிறியைப் பொருத்தி, ஆழம் குறைந்த இடத்தில் அதனைத் தூக்கிக்கொள்ளும் முறை இப்போது கரையெங்கும் பழக்கத்தில் உளது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான கட்டுமரங்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் உதவியாக வந்தவற்றுள் கண்ணாடி இழைப் படகுகளே மிகுதி. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அவற்றைத் தீண்டாது. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பியினத்தைச் சேர்ந்த உயிர். உவர்நீரில் வாழும் அது நன்னீரில் மடியும். ஆதலின் மழைக்காலத்தில் ஆறு இனிக்கும்போது ஆற்றில் கிடக்கும் மரப்படகுக்கு இலவசமாக ஒரு மருத்துவம் நடந்துவிடுகிறது!

இவ்வளவும் படகின் செய்தி. மாணவரின் வீட்டார் கேட்டதற்கு இதுமட்டும் விடையாகாது. ஒரு படகு இருக்கையில் இன்னொன்று வாங்குபவர் அதனோடு வேறு பலவற்றையும் வாங்குகிறார். ஆற்றுப் படகை ஒருவரோ இருவரோ செலுத்தலாம். கடற் படகுக்கு மூவர் நால்வர் வேண்டும். எரிபொருள் வேண்டும், வேறு வகை வலைகள் வேண்டும். பிடித்த மீனின் விலையிலே படகுக்கொரு பங்கு, ஆட்களுக்கொரு பங்கு என்று பிரித்தபின் எஞ்சுவதிலிருந்தே கடன் அடைய வேண்டும். காற்று எழுந்த நாளிலும் வட்டி வளரும். பெரிய விசைப்படகாயின் சட்டமும் குறுக்கிடும். 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய கடற்பகுதியில் அவை மீன்பிடித்தல் ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கீழைக் கரையில் அவற்றுக்குத் தடைக்காலமும் உண்டு. சுந்தரர் பன்னீராயிரம் பொன்னை எங்கள் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தல வரலாறு. நீரில் பணத்தை இட்டவர் எல்லாருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

மூத்த மகனின் கூற்றிலும் நியாயம் இருந்தது. கழிமுகத்து மீனை நம்பி எத்தனை பேர் வாழ இயலும்? கடல் பெரிது. அவர் பிறர் படகுகளில் கூலிக்குச் சென்று கடலை அறிந்தவருங்கூட. ஆனால் தந்தையார் ஆற்றைவிட்டுப் போனதில்லை. இளையவரோ சூளைக்குப் போய்விட்டார். கடற் படகு வந்தால் அயலாரைத்தான் அமர்த்த வேண்டும். “இரண்டுக்கும் ஆகும்படி ஒரே படகு கிடைக்காதா?” என்றார் தந்தையார். கிடைக்கும்; ஆனால் அது ஆற்றில் தரை தட்டும், கடலில் தள்ளாடும். ஆற்றுக்கே சிறிய படகொன்று வாங்குவது நலம் என்பது என் கருத்து. தாயார் என்னைக் காட்டிலும் நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார். மீன் விற்று வரவு செலவு பார்ப்பவர் அவரல்லரோ! ஆற்றுக்குச் சிறு படகு வாங்கி, மிஞ்சிய பணத்தை மூத்தவர் செல்லும் கடற் படகிலேயே ஒரு பங்காகப் போடச் செய்தார். கடன் வாங்கவே இல்லை.

கடலுக்கே போவது என்று முடிவு செய்தவர்கள், படகைப் பார்க்குமுன் முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும். ஆறு கொணரும் மணலும் கடல் தள்ளும் மணலும் சேர்ந்து அங்கே திட்டாகப் படிகின்றன. அலை தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழம் வந்ததும் உடையும். திட்டின் மேல் ஒன்றரை மீட்டர் நீர் இருந்தால், அரை மீட்டர் அமிழும் படகு அமைதியான நாளில் எளிதாகக் கடந்துவிடும், அலை 1.2 மீட்டர் உயர்ந்த நாளில் அதே இடம் நுரைக்காடாகும். ஓதம் வற்றும்போது ஆற்று நீர் வெளியே பாயும். எதிரே வரும் அலை அதனோடு மோதிச் செங்குத்தாக எழும். கார்த்திகை வெள்ளத்தில் இது இன்னும் கொடிது. ஆகவே ஓதம் ஏறி நிற்கும் நேரமே கடப்பதற்கு ஏற்றது. நம் கரையில் அவ்வேற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்குவதால், கிடைக்கும் உதவியும் அவ்வளவே. திட்டும் ஓரிடத்தில் நிற்பதன்று: தென்மேற்குப் பருவத்தில் கரையோர மணல் வடக்கே நகரும், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். சித்திரையில் ஒருமுறையும் தை பிறந்தபின் ஒருமுறையும், பழகிய ஒருவரோடு ஆற்றுப் படகிலேயே முகத்துவாரம் வரை சென்று, கழியை ஊன்றி ஆழம் பார்த்து வருவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.