பங்கு வாங்குவது எளிது, விற்று வெளியே வருவது எப்படி?

முன்பெல்லாம் பங்கு வாங்க வேண்டுமானால் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பட்டணத்தில் உள்ள தரகர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இன்று கைப்பேசியிலேயே கணக்கு திறந்துவிடலாம். புர்சா மலேசியாவில் ஒரு லாட் என்பது 100 பங்குகள். 30 காசு விலையுள்ள பங்கில் ஒரு லாட் வாங்க 30 வெள்ளி போதும். அதனால் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளையோர் முதல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வரை பலரும் சந்தைக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எந்தப் பங்கு ஏறும் என்றுதான். அதற்கு உறுதியான பதில் சொல்கிறவரை நம்பாமல் இருப்பதே நல்லது. அதைவிட அவசியமான கேள்வி வேறொன்று இருக்கிறது: வாங்கிய பங்கை யாரிடம், எந்த விலைக்கு, எவ்வளவு செலவில் விற்க முடியும்?

இந்தக் கேள்வி மலேசிய இந்தியர்களுக்குப் புதிதல்ல. 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில் சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கும் மேல் போட்டார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். சேமிப்பைக் கொடுத்தவர்களும் உண்டு, நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. நிறுவனம் எப்படி நடத்தப்பட்டது என்ற வாதம் ஒரு பெரிய கதை, அது இங்கே வேண்டாம். சாதாரணப் பங்குதாரரின் சிக்கல் மிக எளிமையானது. அந்தப் பங்கு கடைசி வரை சந்தையில் பட்டியலிடப்படவில்லை. மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் தேவைப்பட்டபோது, கையில் பத்திரம் இருந்தும் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. 2010-இல் ஒரு தனியார் நிறுவனம் முன்வந்து பங்குக்கு 80 காசு கொடுத்தது. போட்டதோ ஒரு வெள்ளி, இடையில் கால் நூற்றாண்டு ஓடியிருந்தது.

புர்சாவில் பட்டியலிடப்பட்ட பங்கு அப்படியல்ல. வேலை நாள்களில் காலை 9 முதல் 12.30 வரையும், மதியம் 2.30 முதல் மாலை 5 வரையும் சந்தை திறந்திருக்கிறது. விற்றால் இரண்டு வேலை நாளில் பணம் கணக்கில் சேரும். ஆனாலும் பட்டியலில் இருப்பதாலேயே எல்லாப் பங்கும் ஒரே வேகத்தில் விலைபோகாது. ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பங்குகள் மட்டுமே கைமாறும் சிறு நிறுவனத்தில் 50,000 பங்குகளை வைத்திருப்பவர், நினைத்த நேரத்தில் நினைத்த விலைக்கு விற்க முடியாது. வாங்குமுன் அன்றைய விலையை மட்டும் பாராமல், அன்று எத்தனை பங்கு கைமாறியது என்பதையும் பார்க்க வேண்டும். நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனங்களைப் புர்சா 'பிஎன்17' என்று வகைப்படுத்தி அறிவிக்கிறது. அந்த முத்திரை விழுந்த பங்கு மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஊரறிந்த பெயர் என்பதும் காப்பாகாது. மலேசிய விமான நிறுவனத்தை 2014-இல் கசானா நேஷனல் முழுமையாக எடுத்துக்கொண்டபோது, சிறு பங்குதாரர்களுக்குப் பங்குக்குக் கிடைத்தது 27 காசு.

அடுத்தது கட்டணம். பலரும் கணக்கில் சேர்க்காதது இது. குறைந்தபட்சக் கட்டணமாக 8 வெள்ளி வாங்கும் தரகர் மூலம், 50 காசுப் பங்கில் 200 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பங்கின் விலை 100 வெள்ளி. தரகுக் கட்டணம் 8 வெள்ளி, முத்திரை வரி 1 வெள்ளி, இன்னும் சில்லறைக் காசுகள். விற்கும்போதும் அதே செலவு. ஆக மொத்தம் 18 வெள்ளி. பங்கு 50 காசிலிருந்து சுமார் 59 காசுக்கு ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். அதே தரகர் மூலம் 2,000 வெள்ளிக்கு வாங்கினால் வாங்கவும் விற்கவும் சேர்த்து ஏறக்குறைய 20 வெள்ளிதான், அதாவது ஒரு விழுக்காடு. ஆகவே மாதம் 100 வெள்ளி ஒதுக்க முடிந்தவர் மாதாமாதம் வாங்குவதைவிட, சில மாதங்கள் சேர்த்துவைத்து வாங்குவது மேல். தரகருக்குத் தரகர் கட்டணம் மாறும். கணக்கு திறக்கும் முன் குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலை விழுந்த பிறகு விற்பதா, வைத்திருப்பதா, இன்னும் வாங்கி சராசரியைக் குறைப்பதா? சிறு முதலீட்டாளரை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஒரு வெள்ளிக்கு 1,000 பங்கு வாங்கியவர், விலை 50 காசானதும் இன்னொரு 1,000 வாங்கினால் சராசரி 75 காசாகிறது. மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்த 75 காசைத் தொடவே பங்கு 50 விழுக்காடு ஏற வேண்டும். 1,000 வெள்ளியாக இருந்த ஆபத்து இப்போது 1,500 வெள்ளி.

கையுறைப் பங்குகள் இதற்குச் சரியான பாடம். கோவிட் காலத்தில், 2020 அக்டோபரில், டாப் குளோவ் பங்கு 9 வெள்ளியைத் தாண்டியது. 2022-இல் ஒரு வெள்ளிக்கும் கீழே வந்துவிட்டது. இடையில் 7 வெள்ளி, 5 வெள்ளி, 3 வெள்ளி என்று ஒவ்வொரு படியிலும் 'மலிவு' என்று வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குழப்பியது நிறுவனத்தின் லாபம். 2021 பிப்ரவரியில் முடிந்த காலாண்டில் அந்நிறுவனம் 280 கோடி வெள்ளிக்கும் மேல் லாபம் காட்டியது. அதுவே அதன் சாதனை, ஆனால் பங்கு விலை அப்போதே இறங்கிக்கொண்டிருந்தது. தடுப்பூசி வந்துவிட்டது, கையுறைக்கான அவசரத் தேவை குறையப் போகிறது என்று சந்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டது.

பங்கு வாங்கும்போது ஏன் வாங்குகிறோம் என்பதை ஒரு வரியில் எழுதிவைத்தால் விற்கும் முடிவு சுலபமாகும். 'தொற்று பரவுவதால் கையுறைக்கு ஆர்டர் குவிகிறது' என்று எழுதியவர், தடுப்பூசி வந்த நாளில் அந்த வரியைப் பார்த்தால் போதும். காரணம் அப்படியே இருந்து விலை மட்டும் விழுந்தால் காத்திருக்கலாம். காரணமே போய்விட்ட பின், வாங்கிய விலையை நினைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. வாங்கிய விலை உரிமையாளருக்குத்தான் நினைவிருக்கும், சந்தைக்கு அது தெரியாது.

லாப ஈவுக்காக வாங்குவோர் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் அறிவிக்கும் 'எக்ஸ் டேட்' நாளுக்கு முன்பே பங்கு வாங்கியிருந்தால்தான் அந்த முறை லாப ஈவு கிடைக்கும். அதற்காக முதல் நாள் வாங்கி மறுநாள் விற்பது புத்திசாலித்தனமாகத் தோன்றலாம். அன்று விலையும் பொதுவாக அந்த அளவுக்கு இறங்கியே தொடங்கும், தரகுக் கட்டணம்தான் மிச்சம். ஊழியர் சேமநிதி 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. 4 விழுக்காடு தரும் பங்கைத் தேடி அலைவோர் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சேமநிதியில் சுயமாக ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை போடவும் வழியுண்டு. ஆனால் அங்கும் வெளியே வரும் வாசல் குறுகலானது. 55 வயதுக்கு உட்பட்டவர் போடும் பணத்தில் 10 விழுக்காடுதான் விரும்பியபோது எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது.

வெளியே வர வழியே இல்லாத இன்னொரு வகை உண்டு. புலனக் குழுவிலோ டெலிகிராமிலோ சேர்த்து, ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அதில் 5,000 வெள்ளி சில வாரங்களில் 20,000 ஆனதாகக் காட்டும். எடுக்கப் போனால், முதலில் வரி கட்டுங்கள் என்பார்கள். நம் நாட்டில் தனிநபர் புர்சா பங்கை விற்றுப் பணத்தை எடுக்க முன்கூட்டியே வரி கட்டும் நடைமுறையே கிடையாது. அந்த ஒரு வார்த்தை போதும், மோசடி என்று தெரிந்துகொள்ள. பணத்தைத் தனிநபர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடச் சொன்னாலும் அப்படித்தான். பங்குச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியலும், எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன. பணம் போய்விட்டால் உடனே 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, குடும்பத்தில் யாரும் பேச விரும்பாத விஷயம். சேமநிதியில் வாரிசு பெயர் எழுதிவைக்கலாம். பங்குகள் இருக்கும் சிடிஎஸ் கணக்கில் அந்த வசதி இல்லை, கணவன் மனைவி கூட்டாகத் திறக்கவும் முடியாது. உரிமையாளர் இறந்துவிட்டால், உயில் இருந்தால் அதற்கான நீதிமன்ற உறுதிச் சான்று, இல்லையென்றால் சொத்து நிர்வாக ஆணை பெற்றுத்தான் பங்குகளை மாற்ற முடியும். அதற்கும் முன்னால், இப்படிப் பங்குகள் இருக்கின்றன என்பதே வீட்டாருக்குத் தெரிய வேண்டும். எல்லாமே கைப்பேசிக்குள், கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் காலம் இது. தரகரின் பெயர், சிடிஎஸ் எண், எந்தெந்தப் பங்கு எத்தனை என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடலாம். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டியதில்லை. அப்பாவோ தாத்தாவோ எப்போதோ பங்கு வாங்கியதாக நினைவிருந்தால், யாரும் கோராத லாப ஈவு அரசாங்கத்தின் கோரப்படாத பணப் பதிவகத்தில் இருக்கிறதா என்று 'இகுமிஸ்' இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.