இடுப்பு வலிக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா?

நாமக்கல், சேலம் வட்டாரத்தில் மளிகைக் கடையும் மண்டியும் நடத்துகிறவர்களுக்கு இடுப்பு வலியும் மூட்டு வலியும் தொழிலோடு வந்த பங்காளிகள். 50 கிலோ மூட்டையைத் தூக்கி இறக்கிய முதுகும், காலை முதல் இரவு வரை நின்ற முழங்காலும் ஒரு நாள் கணக்குக் கேட்கத்தான் செய்யும்.

'மெடிக்ளெய்ம் இருக்கிறதே' என்று தைரியமாக இருக்கும் வணிகப் பெருமக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1986-ல் நம் நாட்டில் அறிமுகமானது முதல் மெடிக்ளெய்ம் அடிப்படையில் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கான பாலிசி. பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும்; அல்லது பாலிசி ஏற்கும் ஒருநாள் சிகிச்சையாக இருக்க வேண்டும். நாள்பட்ட வலிக்கோ டாக்டர் ஃபீஸ், மாத்திரை, பிசியோதெரபி என்று மாதாமாதம் கையிலிருந்துதான் போகும். வெளிநோயாளிச் செலவுக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால் தவிர இவற்றுக்குப் பணம் வராது.

'ஒரு நாள் அட்மிட் ஆகி ஸ்கேன் எடுத்துவிட்டால் போச்சு' என்று சிலர் யோசனை சொல்வார்கள். பரிசோதனைக்காக மட்டும் படுத்தால் பணம் கிடையாது என்பது பாலிசிகளில் உள்ள பொது விலக்கு. கிளெய்ம் திரும்புவது இங்கேதான்.

கடையில் இ.எஸ்.ஐ. இருந்தால், அதில் சேர்ந்துள்ள ஊழியருக்கு வெளிநோயாளிச் சிகிச்சையும் உண்டு. முதலாளிக்கு அது கிடையாது. ஆகவே நம் பாதுகாப்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலிசி எடுக்கும்போது பழைய வலியை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2024-ல் விதி வந்துவிட்டது. மறைத்தது தெரிந்தால் பாலிசிக்கே ஆபத்து. மூட்டு மாற்று அறுவைக்குத் தனிக் காத்திருப்பு உண்டா, வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

படுக்க நேர்ந்தால், ஏன் அட்மிஷன் அவசியம், என்ன சிகிச்சை நடந்தது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் தெளிவாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கிளெய்மை மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

சரக்கை மாதிரி பார்த்து, எடை பார்த்து வாங்குகிறவர்கள் நாம். பாலிசியையும் அப்படியே படித்துப் பார்த்து வாங்குவோம்.