தராசு சொன்ன சாட்சி!

வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பாடம் ஏறுமா?

ஏறாது என்று எந்தத் தாயும் சொல்லிவிடுவாள். ஆனால் சர்க்காருக்குத் தாய் சொன்னால் போதாது. கணக்குக் காட்ட வேண்டும்!

அந்தக் கணக்கை 1907-ம் ஆண்டில் எடுத்துக் காட்டியது, இங்கிலாந்தில் உள்ள பிராட்போர்டு நகரம்.

பிராட்போர்டு, கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர். ஆலை முதலாளிகளிடம் பணம் குவிந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோ பட்டினியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இதற்காகப் போராடியவர்களில் ஒருவர், நகரப் பள்ளிக் குழுவில் உறுப்பினராக இருந்த மார்கரெட் மக்மில்லன் அம்மையார். இன்னொருவர் பிரெட் ஜோவெட். எட்டு வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர் இவர். 1906-ல் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார்.

அதே ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றவர்களின் பொறுப்பு, அதைச் சர்க்கார் ஏற்றால் அவர்களுக்குப் பொறுப்பே இல்லாமல் போய்விடும் என்று பலர் வாதாடினார்கள். (பிள்ளையைப் பட்டினி போட்டுப் பெற்றோருக்குப் புத்தி புகட்டுவதா? விந்தையான நியாயம்!)

நாற்பது பிள்ளைகள்

டாக்டர் ரால்ப் கிரவுலி, பள்ளிகளின் மருத்துவ அதிகாரி. அவர் வாதத்தில் இறங்கவில்லை. தராசை எடுத்தார்!

கிரீன் லேன் என்ற பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் சுமார் 40 பேருக்கு, ஏப்ரல் முதல் ஜூலை வரை, பள்ளி நாட்களில் காலையும் மதியமும் சாப்பாடு போட்டார்கள். காலையில் ஓட்ஸ் கஞ்சி. அதில் பாலும் வெல்லப்பாகும். பிறகு ரொட்டி. குடிக்கப் பால். சமையல் பொறுப்பு, மரியன் கப் என்ற அம்மையாருடையது.

மேஜையில் விரிப்பு விரித்தார்கள். பூ வைத்தார்கள். பெரிய பெண் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பரிமாறினார்கள். பிச்சை போடுவதுபோல் இல்லாமல், விருந்துபோல் நடந்தது.

பிள்ளைகளை அடிக்கடி நிறுத்துப் பார்த்தார்கள். எடை ஏறியது.

விடுமுறை வந்தது

மே மாதத்தில் பெந்தகோஸ்தே பண்டிகைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. சாப்பாடும் நின்றது.

பள்ளி திறந்ததும் மறுபடி நிறுத்தார்கள். ஏறிய எடை இறங்கியிருந்தது!

பண்டிகைக் காலத்தில் மற்றப் பிள்ளைகள் கொழுப்பார்கள். இந்தப் பிள்ளைகள் இளைத்தார்கள். வீட்டில் என்ன நிலை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

முடிவில், சாப்பாடு பெற்ற பிள்ளைகள் சராசரி இரண்டரை ராத்தல் கூடியிருந்தார்கள். சாப்பாடு பெறாத பிள்ளைகள் கூடியது ஒன்றேகால் ராத்தல்தான். (ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம்.) அந்த ஆண்டு அக்டோபரிலேயே, நகரப் பிள்ளைகளுக்குச் சமைக்க கிரீன் லேனில் பெரிய சமையற்கூடம் திறக்கப்பட்டது.

காலை உணவு மட்டும் போதுமா?

பிராட்போர்டில் கொடுத்தது இரண்டு வேளைச் சாப்பாடு. காலை உணவு மட்டும் கொடுத்தால் பலன் உண்டா? படிப்பு கூடுமா?

இதையும் இங்கிலாந்திலேயே சோதித்தார்கள். 106 ஆரம்பப் பள்ளிகள் சோதனையில் சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதிப் பள்ளிகளில் மணி அடிப்பதற்கு முன்பே காலை உணவு கொடுத்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும், மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு மாதப் படிப்பு முன்னால் இருந்தார்கள்!

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் முன்பும் வீட்டில் எதையோ சாப்பிட்டு வந்தவர்கள்தான். அப்படியானால் பலன் எங்கிருந்து வந்தது? நல்ல உணவு ஒரு காரணமாக இருக்கலாம். நேரத்தோடு வந்து, கூடி உட்கார்ந்து சாப்பிட்டு, அமைதியாக வகுப்புக்குப் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். வகுப்பில் சண்டை சச்சரவு குறைந்தது. வகுப்பு அமைதியானால், அங்கே சாப்பிடாத பிள்ளைக்கும் லாபந்தானே!

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் பரிமாறினார்கள். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அதே இடத்தில் கஞ்சியும் ரொட்டியும்.

2025 ஏப்ரலில் இங்கிலாந்து சர்க்கார், முதற்கட்டமாக 750 பள்ளிகளில் இலவசக் காலை உணவைத் தொடங்கியது. பள்ளி தொடங்குவதற்கு அரை மணி முன்பே பிள்ளையைக் கொண்டுவந்து விடலாம். சாப்பாடும் உண்டு, பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. காலையில் வேலைக்கு ஓடும் தாய்மாருக்கு அந்த அரை மணி பெரிய உதவி.