வண்டிக்கு நோய் வந்தால் யார் சொல்வது?

குழந்தைகளே! தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961-இல். குளியாளி கல்லின் பாரத்தோடு கடலுக்குள் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டினால் குளியாளி கயிற்றைச் சுண்டி இழுப்பார். உடனே மேலே இருப்பவர் அவரைத் தூக்கிவிடுவார். அந்தக் கயிற்றை நம்பித்தான் உயிர்!

இன்றைய பைக்குக்குள்ளும் இப்படிச் செய்தி சொல்லும் 'கயிறுகள்' உண்டு. அவைதான் சென்சார் வயர்கள். அந்தச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருப்பது 'இ.சி.யு.' என்னும் குட்டிக் கணிப்பொறி.

சில வண்டிகளில் சாவியைத் துளையில் நுழைக்கவே வேண்டாம். 2023 ஜனவரியில் வந்த ஹோண்டா ஆக்டிவா எச்-ஸ்மார்ட் அப்படிப்பட்ட ஸ்கூட்டர்தான். சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருந்தால் போதும். வண்டி ரேடியோ அலை மூலம், "நீ யார்?" என்று கேட்கும். சாவி இரகசிய எண்ணைப் பதிலாக அனுப்பும். பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சின் கிளம்பும். சாவிக்குள் இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டால் பதில் வராது, வண்டியும் கிளம்பாது. எஞ்சினில் பழுது என்று பயந்துவிடாதீர்கள். வண்டி தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்!

சரி, உண்மையான பழுதை வண்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆக்சிலேட்டரைத் திருகும் அளவை ஒரு சென்சார் மின்சாரமாகச் சொல்லும். அது பொதுவாக அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்டுக்குள் இருக்கும். திடீரென்று பூஜ்யம் வந்தால்? 'இங்கே ஏதோ கோளாறு' என்று இ.சி.யு. புரிந்துகொள்ளும். 'பி 0122' என்ற குறியீட்டை நினைவில் எழுதி வைக்கும். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கையும் எரியவிடும். மெக்கானிக் தன் கருவியை வண்டியில் மாட்டி அந்தக் குறியீட்டைப் படிப்பார்.

ஆனால், குறியீடு இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. கயிறு அசைந்தால், மூச்சு முட்டியதா, சுறா வந்ததா என்று தோணிக்காரருக்குத் தெரியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும். சென்சார் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். நம் ஊர் உப்புக் காற்றில் வயர் இணைப்பின் செம்பில் களிம்பு ஏறியிருக்கலாம். இணைப்பைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும் கோளாறுக்குப் புதிய சென்சார் வாங்குவது வீண் செலவுதானே? அதனால் நல்ல மெக்கானிக் முதலில் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பார்.

2020 ஏப்ரல் 1 முதல், பி.எஸ்.6 விதிப்படி, புதிய பைக்குகளுக்கு இந்தச் சோதனை வசதி கட்டாயம். புகை மாசைக் குறைப்பதே இதன் நோக்கம்.

நாளைக் காலையில் அப்பாவோ அம்மாவோ வண்டியை 'ஆன்' செய்யும்போது கவனியுங்கள். (நீங்கள் தொடாதீர்கள்!) மஞ்சள் விளக்கு முதலில் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால் விளக்கிலேயே கோளாறு இருக்கலாம். ஓடும்போதும் அணையாமல் எரிந்தால், "வண்டிதான் ஓடுகிறதே" என்று பெரியவர்கள் விட்டுவிடக்கூடும். லாரிகள் விரையும் துறைமுகச் சாலையின் நடுவில் வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும்?

"அப்பா, மஞ்சள் விளக்கு எரியுது. மெக்கானிக்கிடம் காட்டிடுங்க" என்று அன்பாக நினைவூட்டுங்கள். கயிறு அசைவதைக் கவனித்துச் சொல்வது இனி உங்கள் வேலை. செய்வீர்களா?