டயாலிசிஸும் தசை அனுப்பும் தபாலும்

கடத்தூர்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை டயாலிசிஸுக்காக தருமபுரி பஸ் ஏறுற ஒருத்தர நினைச்சுக்கோங்க. அவருக்கு எது பெரிய கஷ்டம்? ஊசின்னுதான் நமக்குத் தோணும். ஆனா பஸ் படி ஏற தொடையில வலு இல்லாததும் அவருக்குப் பெரிய பிரச்சினைதான்.

கெட்டுப்போனது கிட்னி, கால் ஏன் தளருது? பசி குறையுது. ரத்தத்துல அமிலம் கூடி, தசைப் புரதத்தைச் சிதைக்குது. 4 மணி நேர டயாலிசிஸ்ல கழிவோட சேர்ந்து சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலமும் வெளியேறிடுது. எடை மெஷினும் ஏமாத்தும். தசை கரைஞ்ச இடத்தை உடம்புல தேங்குற தண்ணி மறைச்சிடும்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு. தசைங்கிறது வெறும் மோட்டார் இல்ல, அது ஒரு சுரப்பியும்கூட. வேலை செய்யும்போது ரத்தத்துல சில புரதங்களை விடும். கோபன்ஹேகனைச் சேர்ந்த பென்டே பெடர்சன் குழு இவற்றுக்கு 'மயோகைன்'னு பேர் வெச்சாங்க. 1997-ல கண்டுபிடிச்ச மயோஸ்டாட்டின் இதுல பிரேக் மாதிரி. அந்த ஜீனை நீக்கின எலிகளுக்கு தசை ரெண்டு மூணு மடங்கு வளர்ந்துச்சு. 2012-ல ஹார்வர்டுல புரூஸ் ஸ்பீகல்மேன் குழு அறிவிச்ச ஐரிசினுக்கு, தூது போற கிரேக்க தேவதையோட பேர். கிட்னி செயலிழந்தவங்களோட தசையில மயோஸ்டாட்டின் கூடுது. அவங்க ரத்தத்துல ஐரிசின் குறைவா இருக்குன்னு பல ஆய்வுகள் சொல்லுது.

சென்சார் லேப்ல அடி வாங்கினவங்க இங்க கொஞ்சம் நில்லுங்க. ஐரிசினை அளக்க வித்த சில கிட்கள், வேற புரதங்களையும் ஐரிசின்னு காட்டுச்சுன்னு 2015-ல தெரிய வந்துச்சு. அப்புறம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வெச்சுத்தான் மனுஷ ரத்தத்துல அது இருக்குன்னு உறுதி பண்ணினாங்க. அதனால பழைய எண்களை அப்படியே நம்பாதீங்க. உடற்பயிற்சி செஞ்சா டயாலிசிஸ்காரங்களுக்கு ஐரிசின் ஏறுமாங்கிறதுலயும் முடிவுகள் ஒத்துப்போகல.

ஆனா தசையோட நிலைமைக்கு ஒரு துப்பு சாதாரண ரிப்போர்ட்லயே இருக்கு: கிரியேட்டினின். அது தசையில இருந்து வர்றது. 'குறைஞ்சா நல்லது'ன்னு வீட்ல சந்தோஷப்படுவாங்க. டயாலிசிஸ் அளவு மாறாம, மாசக்கணக்குல அது இறங்கிட்டே வந்தா, தசை கரையுதோன்னு டாக்டர்கிட்ட கேட்கணும்.

மருந்துக்கடையில ஐரிசின் மாத்திரை கிடையாது. பெடல் உண்டு. பல நாடுகள்ல டயாலிசிஸ் கட்டில்லயே சின்ன பெடலைப் பொருத்தி மிதிக்க விடுறாங்க. ஐரிசின் ஏறுதோ இல்லையோ, கால் வலுவும் நடக்குற தூரமும் கூடினதா ஆய்வுகள் இருக்கு. டாக்டர் சம்மதம் கட்டாயம் வேணும். பிஸ்டுலா இருக்குற கை அசையக்கூடாது. போகப்போக பிரஷர் இறங்குறதால, முதல் 2 மணி நேரத்துக்குள்ள முடிச்சிடணும். மெக்கானிக்கல் பசங்களே, வர்ற ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறீங்கன்னா: படுத்தபடியே மிதிக்கணும், லோடை மாத்த வசதி வேணும், கிருமிநாசினி போட்டுத் துடைச்சா துருப்பிடிக்கக்கூடாது, ஒரு நர்ஸ் தனியாளா கட்டில் கட்டிலா நகர்த்துற எடையில இருக்கணும்.