‘எங்க வீட்டு ஓட்டு இலைக்குத்தான்!’ - 1973 திண்டுக்கல்லில் முளைத்த விசுவாசம்

1973, மே மாதம். திண்டுக்கல்லில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாடாளுமன்ற இடைத்தேர்தல் பிரசாரம் அதைவிடச் சூடாக இருந்தது. தி.மு.க எம்.பி-யாக இருந்த ராஜாங்கம் மறைந்ததால் வந்த தேர்தல் அது. ஆளுங்கட்சி தி.மு.க. காமராஜர் தலைமையில் பழைய காங்கிரஸ். டெல்லியில் ஆட்சியிலிருந்த இந்திரா காங்கிரஸ். நடுவில், பிறந்து ஏழு மாதமே ஆன ஒரு கட்சி. அதன் தலைவர் ஒரு சினிமா நடிகர்.

மே 11-ம் தேதி அந்த நடிகரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. மே 20-ம் தேதி வாக்குப்பதிவு. ‘இந்தப் படம் வெளியானால் சேலை கட்டிக்கொள்கிறேன்’ என்று மதுரை முத்து சவால் விட்டதாக மதுரைப் பக்கத்தில் இன்றைக்கும் கதை சொல்வார்கள். படம் வந்தது, ஓடியது. ஓட்டுப்பெட்டியைத் திறந்தபோது அ.தி.மு.க வேட்பாளர் மாயத்தேவருக்கு சுமார் 2.6 லட்சம் வாக்குகள். பதிவானதில் பாதிக்கும் மேல்! பழைய காங்கிரஸின் என்.எஸ்.வி.சித்தன் இரண்டாம் இடம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 184 தொகுதிகளை வென்று சட்டமன்றத்தை நிரப்பிய தி.மு.க-வின் பொன்.முத்துராமலிங்கம் மூன்றாம் இடம்.

‘படம் பார்த்து ஓட்டுப் போட்டுட்டாங்கப்பா...’ என்பதுதான் அன்றைக்குச் சொல்லப்பட்ட எளிய விளக்கம். இன்றைக்கும் பலர் அதையேதான் சொல்கிறார்கள். அது சரிதானா?

சினிமா மட்டும் போதுமா?

போதுமென்றால் சிவாஜி கணேசனும் ஜெயித்திருக்க வேண்டும். நடிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எம்.ஜி.ஆர் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். சொந்தக் கட்சி தொடங்கி, 1989-ல் தன் தஞ்சை மண்ணில் திருவையாறு தொகுதியில் நின்றார் சிவாஜி. தோற்றுப்போனார். திரையில் கைதட்டுவது வேறு, சாவடிக்குள் முத்திரை குத்துவது வேறு என்று தமிழ்நாட்டு வாக்காளர்களுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது.

எம்.ஜி.ஆர் திரையில் செய்தது வேறொரு வேலை. ‘படகோட்டி’யில் மீனவர், ‘விவசாயி’யில் விவசாயி, ‘மாட்டுக்கார வேலனி’ல் மாட்டுக்காரர், ‘ரிக்‌ஷாக்கார’னில் ரிக்‌ஷா ஓட்டுபவர். ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத வேலைகள். அந்த வேலையைச் செய்கிறவர் திரையில் கம்பீரமாக நடந்து வந்து, பணக்காரரிடம் நியாயம் கேட்டார். குடிக்கவில்லை, புகைக்கவில்லை, தாயைக் கும்பிட்டார். திரைக்கு வெளியேயும் ரிக்‌ஷா தொழிலாளர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தார். பேகம்பூரில் தோல் பதனிட்டவருக்கும், சின்னாளபட்டியில் தறி நெய்தவருக்கும், பட்டறையில் பூட்டுக்கு ராவிக்கொண்டிருந்தவருக்கும் ‘இவர் நம்ம ஆளு’ என்று தோன்ற இது போதுமானதாக இருந்தது.

ஆனால், தோன்றுவதற்கும் அவருக்காகத் தெருவில் இறங்குவதற்கும் நடுவே இன்னொரு விஷயம் இருக்கிறது. அதுதான் ரசிகர் மன்றம்.

ஒரு கிராமத்தில் கட்சிக் கிளைச் செயலாளர் ஆக வேண்டுமென்றால் நிலம் வேண்டும், சாதிப் பெரும்பான்மை வேண்டும், பேச்சுத்திறமையாவது வேண்டும். மன்றத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற பையன் தலைவர், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் பொருளாளர். தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள், அவசரத்துக்கு ரத்தம் கொடுப்பார்கள். மதுரையில் தங்கி ரசிகர் மன்றங்களை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் சாரா டிக்கி, 1993-ல் வெளிவந்த தன் நூலில் இந்த உலகத்தைத்தான் விரிவாக எழுதினார். நகரத்து ஏழைகளுக்கு மன்றம் பொழுதுபோக்கு மட்டுமல்ல, சமூகத்தில் ஒரு மரியாதையும்கூட.

1972 அக்டோபரில் தி.மு.க-வின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர், கட்சி நிர்வாகிகளும் அமைச்சர்களும் சொத்துக்கணக்கைக் காட்ட வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் பேசினார். அடுத்த சில நாள்களில் கட்சியைவிட்டு நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ல் புதுக்கட்சி. அன்றைக்கு அவர் கிளைகளைத் தேடி அலையவில்லை. மன்றங்கள் அப்படியே கிளைகளாக மாறின. நேற்றுவரை பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் இன்றைக்குக் கட்சிக்காரர். அவருக்கு எம்.ஜி.ஆர் கொடுத்தது கொள்கை விளக்கப் புத்தகம் அல்ல, ஒரு பதவி.

திட்டு வாங்கியது யார்?

இந்த இடத்தில்தான் எதிர்த்தரப்பு ஒரு தப்பு செய்தது. எம்.ஜி.ஆரைத் திட்டுவதாக நினைத்து அவருடைய ரசிகர்களைத் திட்டியது. ‘கூத்தாடி’, ‘மலையாளி’ என்று அவரைச் சொன்னார்கள். பின்னால் போனவர்களை ‘விசிலடிச்சான் குஞ்சுகள்’ என்றார்கள். முதல் இரண்டு பட்டங்களும் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்து நாடகக் கம்பெனியில் வளர்ந்த எம்.ஜி.ஆருக்கானவை. மூன்றாவது, கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் சேர்ந்தது. இனி அவருடைய தோல்வி, தன் தோல்வி. அவரை விட்டுக்கொடுத்தால், தன்னைத் திட்டியவர்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. 2016 அமெரிக்கத் தேர்தலில் டொனால்டு ட்ரம்ப் ஆதரவாளர்களில் பாதிப்பேரை இழிவான ஒரு வார்த்தையால் குறிப்பிட்டார் ஹிலாரி கிளின்டன். மறுநாளே வருத்தம் தெரிவித்தும் பயனில்லை. அந்த வார்த்தையையே டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்கள் ட்ரம்ப் ஆதரவாளர்கள்.

திண்டுக்கல்லில் டி-ஷர்ட்டுக்குப் பதிலாகச் சுவர் இருந்தது. மாயத்தேவர் வழக்கறிஞர். புதுக்கட்சி என்பதால் சொந்தச் சின்னம் கிடையாது. காட்டப்பட்ட சின்னங்களிலிருந்து அவர் இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தார். யாரும் எளிதாக வரைந்துவிடலாம் என்பதைத்தான் அவர் பிற்காலத்தில் காரணமாகச் சொன்னார். கரித்துண்டு கிடைத்தாலும் போதும், இரண்டு கோடு வளைத்தால் இலை வந்துவிடும். அதுகூட வேண்டாம், இரண்டு விரலைக் காட்டினாலே சின்னம்தான்!

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அண்ணா வளர்த்த கட்சியை உடைத்தவர், டெல்லியின் கைப்பாவை என்று தி.மு.க தொண்டர் நினைத்தார். மொழிப்போரில் சிறை சென்றவருக்கு, நேற்றுவரை உடன்பிறப்பாக இருந்தவர் இன்றைக்குத் தலைவரையே ஊழல்வாதி என்பதை எப்படித் தாங்க முடியும்? அவருடைய விசுவாசமும் குறைந்ததல்ல. ‘எங்க அப்பா காலத்துல இருந்து உதயசூரியன்தான்’ என்கிற குடும்பங்களும், ‘எங்க வீட்டு ஓட்டு இலைக்குத்தான்’ என்கிற குடும்பங்களும் ஒரே தெருவில் எதிரெதிர் வாசலில் இருந்தன. கட்சி விசுவாசம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1960-ல் புத்தகமே போட்டார்கள். திண்டுக்கல்காரர்கள் அதைப் பெண் பார்க்கப் போகும்போதே விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள்.

கண்மூடித்தனமா?

பொருளாதாரக் கணக்கு போட்டால் எம்.ஜி.ஆர் ஆட்சி ஏழைகளுக்கு அவ்வளவு சாதகமானதல்ல என்று வாதிட்டவர் ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன். 1992-ல் வெளிவந்த ‘தி இமேஜ் ட்ராப்’ நூலில் அவர் எழுப்பிய கேள்வி கூர்மையானது: ஏழைகளிடம் வரியாகவும் சாராய வருமானமாகவும் வாங்கிய ஓர் ஆட்சியை, அதே ஏழைகள் ஏன் கொண்டாடினார்கள்? தாய்மார்களிடம் மதுவிலக்கைப் பற்றி உருகிய எம்.ஜி.ஆரின் ஆட்சிதான் 1981-ல் மீண்டும் கள்ளையும் சாராயத்தையும் திறந்துவிட்டது. டாஸ்மாக் நிறுவனம் 1983-ல் தொடங்கப்பட்டது. திண்டுக்கல் வட்டாரத்துக்கு இன்னும் கசப்பான நினைவு உண்டு. 1978-ல் விவசாயிகள் போராட்டத்தின்போது வேடசந்தூர் பகுதியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். அப்போது முதல்வர் எம்.ஜி.ஆர்தான்.

திரையில் உருவான பிம்பம் மக்களைச் சிக்கவைத்துவிட்டது என்பது பாண்டியனின் விடை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால், 1980-ஐ வைத்துப் பார்த்தால் விடை முழுதாகப் பொருந்தவில்லை.

1979-ல் எம்.ஜி.ஆர் அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு இல்லை என்று ஆணை போட்டது. 1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். அந்தப் பக்கம் தி.மு.க-வும் இந்திரா காங்கிரஸும் கைகோத்திருந்தன. தமிழகத்தின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க ஜெயித்தது இரண்டே இரண்டு! திண்டுக்கல்லில் என்ன நடந்தது தெரியுமா? இலையைக் கண்டெடுத்த அதே மாயத்தேவர் இந்த முறை உதயசூரியனில் நின்றார், ஜெயித்தார். 1973-லும் 1977-லும் அவரை இலைக்காக அனுப்பிய தொகுதி, 1980-ல் இலையைத் தோற்கடித்து அவரை அனுப்பியது.

எம்.ஜி.ஆருக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் 9,000 ரூபாய் ஆணை வாபஸ். பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு 31 சதவிகிதத்திலிருந்து 50 சதவிகிதமாக உயர்ந்தது. பிப்ரவரியில் டெல்லி அவருடைய ஆட்சியைக் கலைத்தது. ‘நான் என்ன தப்பு செய்தேன்?’ என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார். மே மாதக் கடைசியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க-வுக்கு 129 இடங்கள், மீண்டும் முதல்வர். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே அவருடைய ரசிகர்கள் புதிதாக எந்தப் படமும் பார்த்துவிடவில்லை. அவர் 1977-லேயே நடிப்பை நிறுத்திவிட்டார்.

கோபத்தைக் காட்ட ஒரு தேர்தல், பாசத்தைக் காட்ட இன்னொரு தேர்தல். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவர்களால் இப்படிச் செய்ய முடியாது.

அதற்குப் பிறகு வந்தவைதான் அந்த விசுவாசத்துக்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய காரணத்தைக் கொடுத்தன. 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டம். காமராஜர் தொடங்கிய மதிய உணவு ஏற்கெனவே இருந்தது. எம்.ஜி.ஆர் அதைப் பல மடங்கு பெரிதாக்கினார். காலையில் காட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு, பிள்ளை மத்தியானம் சாப்பிட்டிருக்கும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! பாண்டியனின் வரிக்கணக்கில் இந்த நிம்மதிக்கு எந்தப் பத்தியில் இடம் ஒதுக்குவது? 1985 செப்டம்பர் 15-ல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானதும் அவர் ஆட்சியில்தான். கலெக்டரைப் பார்க்க மதுரைக்கு பஸ் ஏற வேண்டாம் என்பது சின்ன விஷயமல்ல.

இடையில், 1984 தேர்தலில் அவர் ஊரிலேயே இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். அங்கே எடுத்த வீடியோவைத் தமிழகம் முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டியில் பிரசாரத்துக்கு வராமலே ஜெயித்தார். ‘நோயாளிக்கா ஓட்டு?’ என்ற எதிரணியின் கேள்வி எடுபடவில்லை. உடம்பு முடியாமல் கிடக்கும் வீட்டுப் பெரியவரைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஆள் போன பிறகு...

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர் மறைந்தார். கட்சி இரண்டாக உடைந்தது, இலை முடங்கியது. 1989 ஜனவரி தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். இரண்டும் தோற்று, தி.மு.க ஆட்சிக்கு வந்தது. அணிகள் இணைந்து இலை திரும்பக் கிடைத்ததும், மார்ச் மாதம் மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் நடந்த இடைத்தேர்தல்களில் இரண்டிலுமே இலை ஜெயித்தது. அதே ஆண்டுக் கடைசியில் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியும் திண்டுக்கல் சீனிவாசன் மூலம் அ.தி.மு.க-வுக்கு வந்தது.

சின்னத்தைக் கண்டெடுத்த மாயத்தேவர் 2022 ஆகஸ்ட் 9-ம் தேதி சின்னாளபட்டியில் காலமானார். அவருக்கு வயது 88. அதற்கு முன்பே, 2019-ல், அவர் ஜெயித்த தொகுதியில் விநோதமான ஒரு தேர்தல் நடந்திருந்தது.

அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதி கூட்டணிக் கட்சியான பா.ம.க-வுக்குப் போய்விட்டது. இலை பிறந்த தொகுதியில் இலை இல்லை, மாம்பழம்தான். ஆனால், அதே தொகுதிக்குள் இருக்கும் நிலக்கோட்டை சட்டமன்றத் தொகுதிக்கு அதே ஏப்ரல் 18-ம் தேதி இடைத்தேர்தல். சாவடிக்குள் போன நிலக்கோட்டை வாக்காளர் முன்னால் இரண்டு தேர்தல்களுக்கான இயந்திரங்கள். ஒன்றில் மாம்பழம், இன்னொன்றில் இரட்டை இலை.

எண்ணிக்கை முடிந்தபோது, நாடாளுமன்றத் தொகுதியில் மாம்பழத்தை தி.மு.க-வின் வேலுச்சாமி 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் வீழ்த்தியிருந்தார். நிலக்கோட்டையில் சுமார் 20 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் இலை ஜெயித்திருந்தது.